அப்பாவின் பெட்டியில் இருந்த கிஸ்தி ரசீதுகள்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பத்திரம், ரேஷன் கார்டு, பழைய மின் இணைப்புக் கடிதம், எல்லாவற்றுக்கும் அடியில் சணல் கயிறு சுற்றிய ஒரு ரசீதுக் கட்டு. எல்லாம் கிஸ்தி, அதாவது நில வரி, கட்டியதற்கான ரசீது. ஒன்றில் 38 ரூபாய், இன்னொன்றில் 41 ரூபாய். தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதைப் போய் கயிறு கட்டி வெச்சிருக்காரே!"

நானும்தான் சிரித்தேன். இரண்டரை ஏக்கருக்கு வருஷ வரி ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை என்றால் வேறென்ன செய்வது? அந்தச் சிரிப்பு ஆறு மாதம்தான் நிலைத்தது.

எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் கழனி, மேட்டில் ஒரு ஏக்கர் சொச்சம் கொல்லை. எங்கள் பக்கம் நன்செய்யைக் கழனி என்றும் புன்செய்யைக் கொல்லை என்றும்தான் சொல்வோம். கொல்லையில் அப்பா கடைசி இரண்டு வருஷம் சவுக்கு போட்டிருந்தார். அதை வெட்டிவிட்டு மல்லாட்டை (வேர்க்கடலை) போடலாம், சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று கிளம்பினேன். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது. சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று கொண்டுவரச் சொன்னார்கள்.

அடங்கலை வாங்கிப் பார்த்தால் கொல்லைக்கு நேராக இரண்டு பசலிக்கும், அதாவது இரண்டு வருவாய்க் கணக்கு வருஷத்துக்கும், 'தரிசு' என்று எழுதியிருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் சவுக்கு நின்ற நிலம் அது!

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தண்ணீர் என்பதை ஒவ்வொரு பசலிக்கும் கிராம நிர்வாக அலுவலர் அதில் எழுத வேண்டும். நிலத்தில் இறங்கிப் பார்த்து எழுதுவதற்கு அஜ்மாயிஷ் என்று பெயர். முன்பு இருந்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே போன வருஷத்ததைப் பார்த்து இந்த வருஷத்ததை எழுதியிருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் வீட்டில் ஒருவர்கூட ஒருமுறையும் போய் "எங்க கொல்லைக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டதில்லை.

புதிதாக வந்திருந்தவர் நல்ல மனிதர். கொல்லைக்கே வந்து பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். "நடப்பு பசலிக்கு எழுதித் தரேன் சார். முடிஞ்சுபோன பசலியில நான் கை வைக்க முடியாது" என்றார். அந்த இரண்டு வருஷமும் கணக்கில் தரிசாகவே இருக்கின்றன. மானியம் கிடைத்தது, ஆனால் ஒரு பருவம் தள்ளி.

அவரிடம்தான் உட்கார்ந்து பட்டாவை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் தன் நிலத்தின் பட்டாவைப் படிக்கத் தெரியாமல் இருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இணையத்தில் எடுத்த பட்டாவில் புல எண், உட்பிரிவு, பிறகு புன்செய், நன்செய், மற்றவை என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில். பக்கத்திலேயே தீர்வை, அதாவது அந்த நிலத்துக்குப் போட்ட வரி, ரூபாய், பைசாவில். எங்கள் கொல்லைக்கு 0 - 42.50 என்று இருந்தது. ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஆக 42.5 ஏர் என்பது 105 சென்ட், அதாவது ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். தீர்வை 1.31. ஒரு ரூபாய் முப்பத்தொரு பைசா.

இந்த 1.31 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் 'அ' பதிவேட்டின் நகலைக் காட்டினார். பட்டாவில் இல்லாத பல விஷயங்கள் அதில்தான் இருக்கின்றன: பழைய புல எண், பாசன ஆதாரம், ஒருபோகமா இருபோகமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், ஹெக்டேருக்குத் தீர்வை வீதம். எங்கள் கொல்லைக்கு வீதம் 3.09. அதை 0.425 ஆல் பெருக்கினால் 1.31.

சரி, அந்த 3.09 எப்படி வந்தது? இதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். 3.09-ஐ 2.47 ஆல் வகுத்தால் 1.25. ஏக்கருக்கு ஒன்றே கால் ரூபாய். பழைய காசில் ஒரு ரூபாய் நாலணா! அணா போய்ப் பைசா வந்தது, ஏக்கர் போய் ஹெக்டேர் வந்தது, ஊர்க் கணக்கு பார்த்த கர்ணமும் மணியக்காரரும் 1980-இல் போய் வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எந்த வெள்ளைக்கார அதிகாரியோ எங்கள் மேட்டு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துப் போட்ட அந்த ஒரு ரூபாய் நாலணா மட்டும் அப்படியே இருக்கிறது.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தது என்று சும்மா சொல்லவில்லை. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறைக்கு அடி போட்டவர்கள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும். 1792-க்குப் பிறகு பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தொடங்கியது. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவனிடம் நேராக வரி வாங்குவது. அதற்கு ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மதிப்பிட்டாக வேண்டும். பின்னால் வந்த செட்டில்மெண்டில், அதாவது நில வரி நிர்ணயத்தில், முதலில் மண்ணைப் பிரித்தார்கள்: கரிசலா, செவ்வலா, மணற்பாங்கா, வண்டலா. அதற்குள் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று இன்னொரு பிரிவு. 'அ' பதிவேட்டில் இருக்கும் 'வயனமும் ரகமும்' இதுதான். அப்புறம் அந்த மண்ணில் ஏக்கருக்கு எவ்வளவு தானியம் விளையும் என்று கணக்கு. கழனிக்கு நெல், கொல்லைக்குக் கம்பு, சோளம் மாதிரி. அதைப் பஞ்ச வருஷங்களை ஒதுக்கிய சராசரி விலையால் பெருக்கி, சாகுபடிச் செலவைக் கழித்து, மிஞ்சுவதில் பாதிக்கு மேல் போகாமல் சர்க்காருக்கு. கழனி என்றால் தண்ணீர் எந்த ஆதாரத்திலிருந்து வருகிறது, எத்தனை மாதம் நிற்கும் என்பதும் சேரும். கொல்லை என்றால் ஊர் சந்தைக்கும் பாதைக்கும் எவ்வளவு பக்கம் என்பதும் சேரும்.

நிகர வரவில் பாதி என்பது அன்றைக்குக் கொள்ளை. விலைவாசி ஏற ஏற வீதம் அசையாமல் நின்றதால் இன்றைக்கு அது வேடிக்கை. மண்ணைப் பார்த்த கண் மட்டும் சும்மா சொல்லக்கூடாது. எங்கள் கொல்லையில் தெற்கு மூலையில் மட்டும் மணல் அதிகம், அங்கே மல்லாட்டை நன்றாக இறங்கும். அந்த மூலைக்குத் தனி உட்பிரிவு, தனி தரம் இருந்திருக்கிறது. பின்னால்தான் சேர்த்துவிட்டார்கள்.

கொல்லையில் தாத்தா வெட்டிய கிணறு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மூன்று போகம்கூட எடுக்கலாம். அப்படியும் அது கணக்கில் புன்செய்தான். சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுத் தண்ணீருக்காகத் தீர்வையைக் கூட்டுவதில்லை என்பது ரயத்துவாரியில் ரொம்ப நாளாக இருக்கும் ஏற்பாடு. நிறைய பேர் "கிணறு வெட்டிட்டேன், நன்செய்ன்னு மாத்திக் குடுங்க" என்று மனு கொடுக்கிறார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அரசின் தண்ணீரை எடுத்தால்தான் கதை வேறு. அப்பாவின் ரசீது ஒன்றில் 'தீர்வை ஜாஸ்தி' என்று கிறுக்கியிருந்தது. வரி அதிகம் என்று யாரோ புலம்பி எழுதிவைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன்! அது ஒரு தலைப்பின் பெயர். புன்செய் நிலத்துக்கு அரசு ஏரி, கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சினால் கூடுதலாகப் போடுவது தீர்வை ஜாஸ்தி. ஒருபோக நன்செய்யில் அந்தத் தண்ணீரில் இரண்டாம் போகம் எடுத்தால் பசலி ஜாஸ்தி. ஒரு வருஷம் ஏரி ரொம்பி வழிந்தபோது அப்பா ஆயில் எஞ்சின் வைத்துக் கொல்லைக்கு இறைத்தது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ரசீதில் இருப்பது தீர்வை மட்டும் அல்ல. எங்கள் கழனிக்கும் கொல்லைக்கும் சேர்த்து அடிப்படைத் தீர்வை 10.73தான். அதன் மேல் ஊராட்சி அமைப்புகளுக்காகத் தல மேல்வரியும், அதற்கு மேல் மிகைவரியும் சேர்கின்றன. வால் மாட்டைவிடப் பெரிது. தொகை பட்டாவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது சண்டைக்குப் போகும் முன் ரசீதில் இருக்கும் தலைப்புகளைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்த ரசீதுக் கட்டில் ஒரு ரசீது குறைந்தது. பசலி 1425 இருக்கிறது, 1427 இருக்கிறது, 1426 இல்லை. அப்பா ஒரு வருஷம் கட்டாமல் விட்டு அது பாக்கியாக நிற்கிறதோ, நில வரி பாக்கிக்கு ஜப்தி வரை போகச் சட்டம் இருக்கிறதே என்று பயந்துகொண்டு போனேன். "2016ஆம் வருஷ ரசீது காணோம்" என்று கேட்டதும் அங்கே இருந்த தலையாரி, "தம்பி, பசலி சொல்லுங்க. இங்கிலீஷ் வருஷம் சொன்னா எங்களுக்கு ரெண்டு வருஷம் தெரியும்" என்றார். பசலி ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம். 1426 என்றால் 2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரை. பருவமழை பொய்த்த வருஷம் அது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து நிலவரியை முழுவதும் தள்ளுபடி செய்தார்கள். அப்பா கட்டாதது இல்லை, கட்ட வேண்டியதே இல்லை. ரசீது இல்லாததற்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது கழனிக்கு வருகிறேன். தலைவலி அங்கேதான்.

பட்டாவில் கழனி 0 - 61.00, தீர்வை 9.42. 'அ' பதிவேட்டில் வீதம் 15.44. 61 ஏர் என்றால் 150 சென்ட் சொச்சம். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தில் ஒரு ஏக்கர் 57 சென்ட் என்று இருக்கிறது. ஆறு சென்ட்டைக் காணோம். எங்கே போனது? 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவுகள் மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்வார்களே அதில், ஏக்கர், சென்ட்டை ஹெக்டேர், ஏராக மாற்றி, உட்பிரிவுகளைப் புதிதாக எழுதியபோது எங்கள் வரப்போரத் துண்டு பக்கத்து உட்பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்திருக்கும். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா அப்போது ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலையில் இருந்தார்.

நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், இதை எழுத்துப்பிழைத் திருத்தம் மாதிரி நினைத்துத் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு வருஷம் நடந்தேன். பெயரில் ஒரு எழுத்து, உறவுமுறை மாதிரியான தட்டச்சுப் பிழைகள் அங்கே சரியாகும். யூ.டி.ஆர். காலத்தில் பரப்பே இன்னொருவர் பெயருக்குப் போயிருந்தால் அது மாவட்ட வருவாய் அலுவலரிடம் மேல்முறையீடாகப் போக வேண்டிய விஷயம். எதிர்த்தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சம். நீங்கள் போவதானால் பத்திரம், யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகல், பழைய புலப்படம், கிஸ்தி ரசீதுகள், நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். கிஸ்தி ரசீது நிலம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் இத்தனை வருஷம் அனுபவித்து வந்தீர்கள் என்பதற்கு அதற்கு ஒரு மதிப்பு உண்டு. தம்பி சிரித்த அதே கட்டைத்தான் வக்கீல் முதலில் கேட்டார்.

இதற்கு நேர்மாறான ஒரு ரசீதும் அந்தக் கட்டில் இருந்தது. கழனியை ஒட்டி ஏரிக் கால்வாய்க் கரையில் நாலு தென்னை வைத்திருக்கிறோம். அதற்கு 'பி மெமோ' என்று போட்டு அபராதம் வாங்கியிருக்கிறார்கள். வருஷா வருஷம் கட்டியதால் அந்தக் கரை எங்களுக்குப் பாத்தியம் என்று அம்மா இன்னமும் நம்புகிறாள். உண்மை தலைகீழ். 1905ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அது புறம்போக்கில் இருக்கிறோம் என்று நாமே ஒப்புக்கொண்டு கட்டும் பணம். எத்தனை வருஷம் கட்டினாலும் உரிமை வராது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "உங்கப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றாள். விட்டுவிட்டேன்.

கழனியின் இன்னொரு சிக்கல் வகைப்பாடு. ஏரிக் கால்வாய் பாதி வழியிலேயே தூர்ந்துவிட்டது. மதகிலிருந்து எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து பதினைந்து வருஷம் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றை வைத்துத்தான் நெல். கணக்கில் இன்றைக்கும் அது ஏரி ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனத்துக்கு உட்பட்ட, நன்செய். தீர்வை வித்தியாசம் சில ரூபாய்தான், அதற்காக யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் இந்த 'நன்செய்' என்ற ஒரு சொல்லுக்கு வரிக்கு வெளியே பெரிய எடை உண்டு. மனைப்பிரிவு, கட்டட அனுமதி என்று போனால் நன்செய்க்குக் கெடுபிடி அதிகம். பெரியப்பா குடும்பத்துக்கு அந்த எடை முன்பே தெரியும். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தது, 1970-இல் அது 15 ஆனது. அந்த ஸ்டாண்டர்டு ஏக்கரை அளந்ததே தீர்வை வீதத்தை வைத்துத்தான். ஏக்கருக்குப் பத்து முதல் பதினைந்து ரூபாய் வரை தீர்வை உள்ள நன்செய் ஒரு ஏக்கர் என்றால் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். புன்செய்யாக இருந்தால் பல ஏக்கர் சேர்ந்துதான் ஒன்று ஆகும். யாரும் மதிக்காத அந்த அணாக் கணக்குதான் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானித்தது. பெரியப்பா ஒரு புல எண்ணின் தரத்தைப் பற்றி மாதக்கணக்கில் வழக்காடியதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

வகைப்பாட்டை மாற்ற மனு கொடுக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்தேன். கால்வாயைத் தூர் வார வேண்டும் என்று கேட்கும் உரிமை ஆயக்கட்டுக்காரனுக்குத்தான் பலம். நானே போய் 'எங்களுக்கு ஏரித் தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பலமும் போய்விடும். பக்கத்துக் கழனிக்காரர் இதை ஏற்கவில்லை. அவருக்கு மனை போடும் எண்ணம்.

அவருடைய மச்சான் போன வருஷம் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு கொல்லையை விற்றார். ஆடிட்டர் முதலில் கேட்டது அடங்கல். கிராமப்புற விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் கிராமம் என்று நாம் சொன்னால் போதாது. பக்கத்து நகராட்சியின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் தாண்டியிருக்க வேண்டும். சாலை தூரம் அல்ல, நேர்கோட்டில் அளந்த தூரம். அவர் பஸ் போகும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். நேர்கோட்டில் எல்லைக்குள் வந்துவிட்டது. உழவு நடந்ததற்கான ஆதாரத்தை வைத்து, வேறு விவசாய நிலம் வாங்கினால் கிடைக்கும் சலுகையையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால், அடங்கலில் அங்கேயும் தரிசு.

போன மாதம் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை, நடந்தது. எங்கள் பிர்க்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) ஒதுக்கிய நாளில் போனேன். கிராமக் கணக்குகளைத் துணிமூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து மேசையில் அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் நில அளவைச் சங்கிலியை விரித்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்திலும் சங்கிலியா என்று தோன்றியது. மனு கொடுத்தால் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கொடுத்தது ஒரே ஒரு மனு: கொல்லைக்கு நடப்பு பசலியில் எழுதிய மல்லாட்டைப் பயிரை அடங்கல் நகலில் சான்றிட்டுத் தர வேண்டும் என்று. ஆறு சென்ட் விஷயம் மேல்முறையீட்டில் இருக்கிறது. இரண்டு முறை வாய்தா போட்டாகிவிட்டது. எதிர்த்தரப்பு எங்கள் பங்காளிதான், ஊரில் பார்த்தால் நின்று பேசுகிறார்.

திரும்பும்போது கிஸ்தியையும் கட்டினேன். ரசீதில் இன்னும் அப்பா பெயர்தான். வாரிசுச் சான்று கையில் இருக்கிறது, பாகம் பிரித்துப் பட்டா மாற்றத்துக்கு இனிமேல்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் சணல் கயிறு இற்றுப்போயிருந்தது. தம்பியிடம் கேட்டேன். அவன் பைக்கில் கட்டியிருந்த நைலான் கயிற்றிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்தான்.